புட்டிப்பால் குடிக்காத குட்டி

எங்கள் வீட்டில் நான்தான் உயரம். என் வீட்டுக்காரர் என் தோளைத் தாண்டமாட்டார். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு அரைப்படி என்றே பெயர். "கடற்பன்றியிலயும் பொம்பளதான் பெருசு. நாங்க இயற்கையோட ஒத்துப்போற குடும்பம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கடற்பன்றி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். டால்பினுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மூக்கு நீளாத, கூச்ச சுபாவமுள்ள பிராணி.

அடிபட்ட கடல் உயிர்களைக் காப்பாற்றும் நிலையத்தில் அவருக்குத் தொட்டி வேலை. மாடியில் இருக்கும் எலும்பு அறை என்னுடையது. செத்து ஒதுங்கியவற்றின் மண்டையோடுகளை அங்கே அளந்து வைப்பேன்.

ஒரு நாள், விரிகுடாவில் வலையில் சிக்கிய ஒரு கடற்பன்றியைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து உயிரோடு ஒன்று வந்ததே இல்லை. மருத்துவர் அதை நாடாவால் அளந்து, சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார்.

"பால்குடி மறக்காத பெண் குட்டி. தாயில்லாம கடல்ல பிழைக்காது" என்றார்.

காயம் ஆறியதும் காட்சிக் குளத்துக்கு அனுப்புவதாக முடிவானது. அங்கே போனால் ஆயுசுக்கும் நான்கு சுவர்தான்.

வீட்டுக்காரர் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். பால் புட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, "வாடி என் தங்கக்குட்டி, ஒரு வாய் குடிடி" என்று கெஞ்சுவார். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என்னிடம் அவர் இப்படிக் கெஞ்சியதே இல்லை.

வண்டி வரவேண்டிய நாள் காலையில் அவர் மீன் வாளியை இடறிவிட்டார். தொட்டிக்குள் கொட்டிய அத்தனையையும் குட்டி ஒரு நொடியில் காலி செய்தது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! இதோட பல்லெல்லாம் தேஞ்சு மொட்டையாக் கிடக்கு!" என்று கத்தினார்.

பால்குடிக்கு ஏது தேய்ந்த பல்? எனக்குச் சுரீர் என்றது. விரிகுடாவிலிருந்து வந்து இன்னும் அளக்காமல் கிடந்த பெட்டியை மாடிக்கு ஓடிப்போய்ப் பிரித்தேன். உள்ளே இருந்த மண்டையோடுகள் எல்லாமே சிறியவை. ஆனால் எலும்புகள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டியிருந்தன. முழுக்க வளர்ந்தவை. விரிகுடாக் கூட்டமே சின்ன உடம்புக்காரக் கூட்டம்.

ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அட்டவணை வெளிக்கடல் பிராணிங்களோடது. அத வெச்சு இதை அளந்துட்டேனே!"

தொட்டியில் இறங்கி அதன் அடிவயிற்றை மெல்ல அழுத்தினார். தண்ணீரில் வெள்ளையாக ஒரு இழை படர்ந்தது. பால். மடி நிறையப் பால் வைத்திருந்தவளுக்குத்தான் இத்தனை நாளாகப் புட்டியை நீட்டியிருக்கிறோம். விரிகுடாவில் ஒரு வாய் பசித்துக் காத்திருக்கிறது, இன்னும் உயிரோடு இருந்தால்.

காட்சிக் குளத்து வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வலையில் சிக்கிய அதே இடத்துக்குப் படகில் போனோம். வழி நெடுக வீட்டுக்காரர் அதன் முதுகில் ஈரத்துணி போட்டபடி வந்தார். இறக்கும் நேரத்தில் "வாடி" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"போயிட்டு வாங்கம்மா. புள்ள பசியோட இருக்கும்."

அது முங்கியது. வெகுநேரம் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. பிறகு தூரத்தில் ஒரு முதுகு எழுந்தது. அதை ஒட்டி, கையளவு துடுப்போடு இன்னொன்று.

அவர் தேம்பித் தேம்பி அழுதார். சாய்ந்துகொள்ள என் தோள் சரியான உயரத்தில் இருந்தது.