நான்காவது பாட்டில் கத்தியவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடும் தொல்லை இல்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உச்சியில் ஒரு மெஷின் ரூம் இருக்கும். மோட்டார் சத்தத்துக்கும் கிரீஸ் வாடைக்கும் பயந்து அங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நம் மெக்கானிக்குக்கு அதுதான் வசதி. வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது, கல்யாணம் கைகூடவில்லை. வீட்டுக்குப் போனாலும் இதே அமைதிதான், மோட்டார் மட்டும் இருக்காது.

கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் போனைத் தள்ளுவார். அதில் படிப்பது ஒரே ஒரு பக்கம்தான். ஒரு சாக்ஸபோன் ஆல்பத்தைப் பற்றி, கேட்டவர்கள் எழுதிய கருத்துகள். மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து வெளியிட்டிருந்தார்கள். ஃபங்க் ஜாஸ் என்று அதற்குப் பெயர். ஃபங்க் எது ஜாஸ் எது என்று கேட்டால் மெக்கானிக் திருதிருவென்று விழிப்பார். ஆனால் வாசித்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. அதனால் நூற்றுப் பதினேழு கருத்துகளும் அவருக்கு மனப்பாடம்.

பேஸ் கிட்டார் நெஞ்சுக்குள் புகுந்து நாற்காலியை நகர்த்துகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் சரி, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று இன்னொருவர். தன் பூனை இரண்டாவது பாட்டுக்கு எழுந்து போய்விட்டது, மூன்றாவதற்குத் திரும்பி வந்துவிட்டது என்று ஒரு புண்ணியவதி நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதை மட்டும் படித்து மெக்கானிக் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

சண்டையெல்லாம் நான்காவது பாட்டில். நடுவில் ட்ரம், பேஸ் எல்லாம் நின்றுவிடும். தம்பி ஒரு நீளமான பகுதியைத் தனியாகத் தொடங்க வேண்டும். அந்த நிசப்தத்தில் அரங்கத்தின் கடைசியிலிருந்து ஓர் ஆம்பளைக் குரல், "போச்சு" என்று கத்துகிறது. எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று எழுதினார்கள். தண்ணி ஏற்றிக்கொண்டு வந்திருப்பான் என்றார்கள். இதை வெட்டாமல் விட்டவருக்குக் காது இருக்கிறதா என்று ஒருவர் கொதித்திருந்தார்.

கத்தியது மெக்கானிக்தான். ஆனால் அவர் கத்தியது போச்சு இல்லை, மூச்சு.

பள்ளிக்கூட நாளில் தம்பி குளியலறைக்குள் நின்று ஊதிப் பழகுவான். நீளமாக வாசிக்கும் முன் மூச்சு இழுக்க மறந்துவிடுவான், பாதியில் காற்று தீர்ந்து சத்தம் நொண்டும். அண்ணன் கதவுக்கு வெளியே நின்று, சரியான இடம் வந்ததும் "மூச்சு" என்று குரல் கொடுப்பார். பிறகு அவரே அவனை லிஃப்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டார். மூன்றாம் வருஷம் வேலையை உதறிவிட்டு வாசிக்கக் கிளம்பினான். "போடா, உன் வாழ்க்கையே போச்சு" என்று வாசலில் வைத்துச் சொன்னார். அதோடு பேச்சுவார்த்தை நின்று ஏழு வருஷம். ஆல்பத்துக்காகப் பதிவான அந்தக் கச்சேரிக்குச் சொல்லாமல் போய், கடைசி வரிசையில் நின்றார். தம்பி மூச்சு இழுக்காமல் கருவியை வாயில் வைத்ததைப் பார்த்ததும், தன்னை மறந்து கத்திவிட்டார். முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் பாட்டு முடியும் முன்பே வெளியேறியும்விட்டார்.

மற்றவர்கள் தப்பாகக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். தம்பிக்கு என்னவென்று கேட்டது? வாசலில் சொன்னது போதாதென்று மேடைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனதாக நினைத்திருப்பானோ? இந்த நினைப்பு அவரைத் தின்றது. நம்பர் கையில் இருந்தது. ஏழு வருஷம் பேசாதவனிடம் எடுத்த எடுப்பில் இதை எப்படி ஆரம்பிப்பது?

ஒரு திங்கட்கிழமை துணிந்து பெயரில்லாமல் எழுதினார்: "நாலாவது பாட்டுல கத்தினது போச்சு இல்ல, மூச்சு. நீளமா வாசிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்க அவன் மறந்துடுவான்."

மொய்த்துக்கொண்டார்கள். பெரிய கலைஞரை அவன் இவன் என்பதா என்று ஒருவர் கண்டித்தார். நீங்கள் என்ன அவருடைய நுரையீரலா என்று ஒருவர் கேட்டார். பத்துத் தடவை கேட்டேன், சுத்தமாகப் போச்சுதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மெக்கானிக் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு தானும் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் காதிலும் போச்சு என்றுதான் விழுந்தது.

வியாழக்கிழமை அவர் எழுதியதற்குக் கீழே இன்னொரு பதில் வந்திருந்தது. எழுதியவர் இடத்தில் தம்பியின் பெயர்.

"அண்ணா, எனக்கும் போச்சுன்னுதான் கேட்டுச்சு. வெட்டிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். உன் குரல் என்கிட்ட வேற எதுலயும் இல்ல."

திட்டியதாகவே நினைத்துக்கொண்டு அந்தக் குரலை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். மெக்கானிக் டிபன் பாக்ஸை மூடித் தரையில் வைத்தார். வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். கீழே யாரோ லிஃப்டை அழைத்தார்கள், மோட்டார் ஓட ஆரம்பித்தது, அவர் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.