பதினோரு நிமிடத்துக்கு ஒரு பறவை

வீட்டுக்குள் இலையையும் மரத்தையும் வெளிச்சத்தையும் கொண்டுவந்து மனதை ஆற்றுவதுதான் என் தொழில். மருத்துவமனையிலிருந்து அக்கா திரும்பியபோது அவள் அறையை நானே வடிவமைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் தூக்கம் பிடிக்காவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சுவருக்கு மரப்பலகை அடித்தேன். பலகையின் ரேகைகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. கண் அதில் சும்மா அலைந்து ஓயும். சன்னலோரம் அகன்ற இலைச் செடிகள். தெரு இரைச்சலுக்கு இரட்டைக் கண்ணாடி: நடுவே அடைபட்ட காற்று சத்தத்தை வழியிலேயே தளர்த்திவிடும். அப்புறம் அறை செத்துக் கிடக்குமே, அதற்காகக் கூரையில் ஒரு ஸ்பீக்கர். ஒரு தோப்பில் நானே பதிவு செய்த பறவைச் சத்தம்.

"காட்டுக்கே கூட்டிட்டுப் போயிருந்தா பஸ் டிக்கெட்டோட முடிஞ்சிருக்கும்," என்றார் அக்காவின் கணவர். கேலி பேசிக்கொண்டே பலகை முழுக்க அவர்தான் பிடித்துக் கொடுத்தார்.

வியாழன் மதியம் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நாலு நாளா இப்படித்தான். அமைதியாத்தானே இருக்கான்னு விட்டுட்டேன்," என்றார் மாமா.

"என்னக்கா?"

"பேசாதே. இப்ப வரும்."

மேலே ஒரு பறவை இரண்டு முறை கூப்பிட்டது. மூன்றாவது பாதியில் நின்றது.

"பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவைடா. பாதியிலேயே நின்னுடுது. யாராவது அடிச்சிட்டாங்களா அதை?"

பதிவில் அந்த இடத்தில் ஒரு லாரி ஹாரன் விழுந்திருந்தது. தோப்புக்குள் லாரி எதற்கு என்று அங்கிருந்து மீதியை வெட்டிவிட்டு, சுற்றிச் சுற்றி ஓடும்படி முடிவைத் தொடக்கத்தோடு ஒட்டினேன். பதினோரு நிமிடம் இருந்தால் திரும்ப வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது எங்கள் தொழில் கணக்கு. வந்து போகிறவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நாள் முழுக்க ஒரே அறையில் இருப்பவளை நான் அதில் சேர்க்கவில்லை.

"நிறுத்திடட்டுமாக்கா?"

"நிறுத்திட்டா மட்டும் அதுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிடுமா?"

வெட்டாத பதிவு என் ஃபோனில் இருந்தது. வேண்டாம் என்று மாமா கண்ணைக் காட்டினார். நான் அதை அவள் காதருகே வைத்தேன். இரண்டு கூவல். பாதி. ஹாரன். உடனே படபடவென்று சிறகடிப்பு, தேய்ந்து தேய்ந்து போனது.

"பறந்துடுச்சா?"

"பறந்துடுச்சுக்கா. ஹாரனுக்குப் பயந்து."

"இன்னொரு தடவை போடு."

ஏழு தடவை போட்டேன். எட்டாவதில் தலையணையில் சாய்ந்தாள். "போயும் போயும் லாரியை மறைச்சிருக்கான் பாரு," என்றாள், கண்ணை மூடியபடி.

கூரையில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்ச் அவள் தலைமாட்டில். கை நீட்டப் பயமாக இருந்தது. பறவை மூன்று முறை வந்து மூன்று முறையும் பாதியில் நின்றது. நாங்கள் மூச்சை அடக்கி அவள் முகத்தையே பார்த்திருந்தோம். நாலாவது முறை கண்ணைத் திறந்தாள்.

"பறந்துடுச்சு," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட இதைத் தூக்கம்னு சொல்லலாமா?" மாமா குரலே எழாமல் கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த கூவலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.