எனக்கு வந்த புராஸ்டேட் வீக்கம்

பிரேசிலில் எங்கள் கொன்டாஜெம் ஊரில் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன்பே அரசாங்க அடையாள எண்ணைச் சொல்லிவிடுவார்கள். எண் சொன்னால் தள்ளுபடி, சொல்லாவிட்டால் முழு விலை. ஆனால் வரிசையில் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி நிற்கும்போது வலிப்பு மாத்திரைக்கு யார் தன் எண்ணைச் சொல்வார்? அப்படித் தயங்குகிறவர்களுக்கெல்லாம் நான் என் எண்ணைத் தட்டிவிடுவேன். கல்லாவில் நிற்கும் எங்களில் பாதிப் பேர் செய்கிற உபகாரம்தான் அது.

ஒருநாள், என் கருப்பையில் கட்டி, உடனே எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். ரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவக் காப்பீட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன்.

"ஜுசாரா மேடம், அனுமதி இல்ல. சர்க்கரை, இதய நோய், வலிப்பு, எல்லாத்தையும் மறைச்சுட்டுத்தான் சேர்ந்திருக்கீங்க."

"இன்னும் ஏதாச்சும் இருக்கா தாயே?"

"புராஸ்டேட் வீக்கம்."

ஆண்களுக்கு மட்டுமே வருகிற நோய்! முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. அந்த மாத்திரை டயர்கடை ஒஸ்வல்ஜீர் வாங்குவது. அது என் பெயரில் ஏறியிருப்பது எங்கள் கடைக் கணினிக்கு மட்டும்தான் தெரியும். பாவிகள், எங்களை விற்றிருக்கிறார்கள்!

மறுநாளே எங்கள் கடையின் தலைமை அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். கம்பெனி வக்கீல் எவான்ட்ரோ என்னை உட்காரச் சொன்னார்.

"ஊரார் மருந்தையெல்லாம் உங்க எண்ல ஏத்துனது விதிமீறல்மா. வேலையே போயிடும்."

"நான் பண்ணது தப்புதான் சார், ஒத்துக்கறேன். என் மருந்து விவரம் காப்பீட்டுக்காரன்கிட்ட எப்படிப் போச்சு? அதச் சொல்லுங்க."

"தள்ளுபடிக்குச் சம்மதிச்சீங்கல்ல?"

"தள்ளுபடிக்குத்தான் சம்மதிச்சேன். என் உடம்ப விலைபேசச் சம்மதிக்கல. கேக்காம குடுத்தா குத்தம்னு சட்டமே இருக்கு."

கதவைச் சாத்தினார். குரல் இளகியது.

"அந்த மருந்தெல்லாம் உங்க பேர்ல ஏறினது கணினிக் கோளாறுன்னு எழுதி வெச்சிருக்கேன், ஒரு கையெழுத்துப் போடுங்க. காப்பீட்டுக்காரங்ககிட்ட நான் பேசிடறேன், அடுத்த வாரமே ஆபரேஷன். வேலையும் பத்திரம்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அடிவயிறு சுண்டி இழுத்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். எனக்காவது பொய் நோய்கள். நம்பித் தன் சொந்த எண்ணைச் சொன்ன சனங்களுக்கு? அவர்களுடையது நிஜ நோயாயிற்றே. அதை யார் யாரெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார்களோ! எனக்கு வந்த கோபத்தில் வலி மறந்துபோனது.

"முதல்ல என் புராஸ்டேட்ட எடுக்கச் சொல்லுங்க சார். எடுத்துட்டாங்கன்னா கையெழுத்துப் போடறேன்."

அன்று மாலையே வேலை போனது. நான் நேராக அரசாங்க இலவச வக்கீலிடம் போனேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகம் கறுத்து, அப்போதே மனு எழுத உட்கார்ந்தாள். காப்பீட்டுக்காரர்கள் உடனே அறுவை சிகிச்சைக்கு அனுமதிக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். கடைமீது போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது.

தையல் பிரித்த பிறகு, வலி மாத்திரை வாங்க அதே கடைக்குப் போனேன். கல்லாவில் புதுப் பெண்.

"அடையாள எண் சொல்லுங்கக்கா, தள்ளுபடி இருக்கு."

"வேண்டாம்மா. முழு விலையே போடு."

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் ஒஸ்வல்ஜீர் நின்றிருந்தார். இத்தனை வருஷமும் என் காதில் குசுகுசுத்து மாத்திரை வாங்கிய மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு கடையே அதிரச் சொன்னார்:

"எனக்குப் புராஸ்டேட் மாத்திரை. முழு விலைதான்."