டொங்கோர் மாமாவுக்கு அடிச்ச போஸ்டர்

அந்த கம்ப்யூட்டர வாங்கச் சொன்னதே போக்குவாதான். இத மொதல்லயே சொல்லிடணும். பின்னாடி அவளுக்கு வந்த பயம் பூரா அங்கேர்ந்துதான் மொளச்சுது.

அவ சேர்வா சித்தி வீட்டுல தங்கி, சித்தி கடையில தொழில் கத்துக்கிட்டிருந்தா. சித்திக்கு குமாசி ஊர்ல, மெக்கானிக் பட்டறைங்க நெறைஞ்ச சுவாமே பேட்ட பக்கத்துல, சாவு போஸ்டர் அடிக்கிற கடை. சுவர் காலியா இருந்தா அந்தத் தெருவுல யாரும் சாகலன்னு அர்த்தம், ஆனா குமாசியில காலிச் சுவர யாரு பாத்தா? ஒரு சாவுன்னா குடும்பமே கெளம்பி கடைக்கு வந்துடும். போக்குவா முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, "அத்தைய மேல தூக்கு", "மருமகன் எதுக்கு அவ்ளோ பெருசு, சின்னதாக்கு"ன்னு ஆளுக்கொரு பக்கம் கத்துவாங்க. மௌஸப் பிடிச்சுப் பிடிச்சு அவ மணிக்கட்டு வீங்கிப் போயிடும்.

கடையில இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒருவழியா கண்ண மூடிருச்சு. சித்தி சீட்டுப் பணத்த எடுத்துக்கிட்டு, அவளயும் கூட்டிக்கிட்டு அடும் கடைத்தெருவுக்குப் போனாங்க. கப்பல்ல வந்த பழைய கம்ப்யூட்டர் விக்கிற கடை. கடைக்காரர் ரெண்ட காட்டினாரு. ஒண்ணு கருப்புப் பெட்டி, பாக்க செங்கல் மாதிரி. இன்னொண்ணுல பெட்டியே கெடையாது, எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்ளயே. விரலால தொட்டா போதும். ஓரத்துல யாரோ ஒட்டின பூ ஸ்டிக்கர் ஒண்ணு பாதி கிழிஞ்சு நின்னுச்சு.

"இது ஏதோ குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில வாசல்ல இருந்துதும்மா. ஒரே ஒரு வெள்ளக்கார அம்மாதான் தொட்டிருக்காங்க"ன்னாரு கடைக்காரர்.

"தொட்டாங்களா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சாங்களா? இந்த மூல பாருங்க, மழுங்கிப் போயிருக்கு."

"அது தேய்மானம் இல்லம்மா, பாசம்."

சித்தி செங்கல் பக்கமே சாஞ்சாங்க. போக்குவா கண்ணாடில இருந்த ஒரு படத்த விரலால லேசா தள்ளிப் பாத்தா. அது தண்ணியில போற எல மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு. அவ்ளோதான், அவ மனசும் கூடவே போயிருச்சு.

"சித்தி, இத வாங்கிட்டா வர்றவங்களே அவங்க கையால நகத்திக்குவாங்க. பிடிக்கலன்னா அவங்க வெரலத் திட்டிக்கட்டும், நம்மள திட்ட மாட்டாங்க."

இந்தக் கடைசிப் பேச்சுதான் சித்திய கவுத்துச்சு. "சரிடி. ஆனா ஒண்ணு. இதுல ஏதாச்சும் வில்லங்கம் வந்துச்சு, மறுநாளே உன்ன டெக்கிமானுக்கு பஸ் ஏத்தி உங்கம்மாகிட்டயே விட்டுருவேன்."

சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க. ஆனா சித்தி சிரிச்சுக்கிட்டே சொன்னத சிரிக்காம செய்யற ஆளு. டெக்கிமான்ல அம்மா தக்காளி மண்டியில மூட்ட தைக்கிறாங்க. அங்க போனா அவளுக்கும் ஒரு கோணூசி தயாரா இருக்கும்.

கொஞ்ச காலம் ராஜாங்கம்தான். சாவு வீட்டுக்காரங்க அழுகைய மறந்துட்டு, வரிசையில நின்னு தொட்டுப் பாத்தாங்க. ஒரு படத்த இழுத்து இன்னொண்ணு மேல விட்டா போதும், ரெண்டும் எடமும் அளவும் மாறிக்கும். அப்புறம் பாலைவனத்து தூசிக் காத்து எறங்குச்சு. ஒதடு வெடிச்சு, வெளுத்த துணி செவந்து, ஊரே மாவு மில்லு மாதிரி ஆச்சு. ஒருநாள் மத்தியானம் போக்குவா கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஸ்க்ரீன்ல ஒரு பாட்டியோட படம் தானா நகந்துச்சு. நகந்து, ஓரத்துல போய் நின்னு, திரும்பி வந்துச்சு.

அவ நாக்காலியோட பின்னாடி நகந்தா. அப்புறம் ஈரத் துணியால கண்ணாடியத் தொடச்சா. நின்னுருச்சு. தூசிதான்னு புரிஞ்சுது. கண்ணாடி ஓரத்துல படிஞ்ச தூசிய அது விரல்னு நெனச்சுக்குது. மறுநாள் மறுபடியும் நகந்துச்சு, மறுபடியும் தொடச்சா. சித்திகிட்ட சொல்லல. வாய் வரைக்கும் வரும், டெக்கிமான் பஸ்ஸோட ஹாரன் காதுல கேக்கும், முழுங்கிருவா. தெருப்பக்கம் இருக்கிற கதவ சாத்தியே வெச்சா. "எதுக்குடி கதவ சாத்துற, கோழி மாதிரி அவியறோம்"னு சித்தி கேட்டா, "தூசி சித்தி, இருமல் வருது"ம்பா.

அப்பதான் டொங்கோர் மாமா வந்தாரு. சுவாமேல பட்டற வெச்சிருக்கிற மெக்கானிக். அவரோட அண்ணன் அமோவா தவறிட்டாரு, அடுத்த சனிக்கிழம சாவுச் சடங்கு. கூட அண்ணியும் வந்தாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே வழுக்க, ஒரே மூக்கு. கொண்டுவந்த படத்துல ஒரே மாதிரி துணிய வேற போத்திக்கிட்டு நின்னாங்க.

மாமா கைய கழுவிட்டு வந்து உக்காந்தாரு. கழுவியும் நகத்துல கிரீஸ் போகல. "இஞ்சின் திருகுற வெரலு இது, கண்ணாடி ஒடைஞ்சா என்ன கேக்காத பொண்ணே"ன்னு சொல்லிட்டு அண்ணன் படத்தத் தொட்டாரு. நகந்துச்சு. துக்கத்துலயும் ஒரு நிமிஷம் முகம் மலந்துருச்சு.

"அண்ணன இன்னும் மேல தூக்குறேன். இருந்த வரைக்கும்தான் யாரும் தூக்கல."

"உன் தலைய கொஞ்சம் சின்னதாக்குப்பா"ன்னாங்க அண்ணி. "செத்தது நீ இல்ல."

மாமா சிரிச்சுக்கிட்டே தன் படத்த சின்ன வட்டமாக்கி, கீழ, 'துக்கத்துக்கு முன்ன நிக்கிறவர்'ங்கிற எடத்துல விட்டாரு. மேல பெரிய எழுத்துல 'ஐயோ! இப்படியும் நடக்குமா?' நடுவுல அமோவா, ஆள் உசரத்துக்கு. எல்லாம் சரின்னு சொல்லிட்டு கெளம்பிட்டாங்க.

பேரன் பேத்திங்க பேருல பிழ வந்தா குடும்பச் சண்டையாயிடும். அதனால போக்குவா அடிப்பாகத்த மட்டும் பெருசாக்கி வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா படிச்சா. பின்னாடிலேர்ந்து சித்தி பேனர் சுருளத் தூக்கக் கூப்பிட்டாங்க. தூக்கி வெச்சுட்டு திரும்பி வந்தா. கண்ணுக்கு முன்னாடி அதே பேருங்கதான் நின்னுச்சு. மேல பாக்கவே இல்ல. அப்படியே சேமிச்சு, அச்சுக்கு அனுப்பிட்டா. அன்னிக்கு காலையில துணியால தொடைக்க மறந்தது அப்ப அவளுக்கு ஞாபகத்துக்கே வரல.

புதன்கெழம விடியும்போதே போஸ்டர் சுவர் ஏறிருச்சு.

டொங்கோர் மாமா பட்டறைக்குப் போற வழியில கஞ்சி வாங்க நின்னாரு. கஞ்சி விக்கிற அம்மா அவரப் பாத்தாங்க, அவருக்குப் பின்னாடி இருந்த சுவரப் பாத்தாங்க, கரண்டிய அங்கயே போட்டுட்டு ஓட்டம் பிடிச்சாங்க. மாமா திரும்பினாரு. 'ஐயோ! இப்படியும் நடக்குமா?' கீழ ஆள் உசரத்துக்கு, பல்லு தெரிய, அவரே நிக்கிறாரு. அவருக்காக துக்கத்துக்கு முன்ன நிக்கிறவரா, சின்ன வட்டத்துக்குள்ள, செத்துப்போன அண்ணன்.

கடைக்கு வந்தப்ப கிழிச்ச போஸ்டர் அவரு கையில கொடி மாதிரி ஆடுச்சு. "யாரு? யாரு என்ன கொன்னது? சொல்லுங்க! பட்டறையில பசங்க ஒப்பாரி வெக்கிறானுங்க. ஒருத்தன் என் ஸ்பேனர் செட்ட 'ஞாபகார்த்தமா' எடுத்துக்கிட்டே போயிட்டான்!"

சித்தி இடுப்புல கைய வெச்சாங்க. கடைப் பேரு போற நேரத்துல சித்தி பின்வாங்குற ஆளு இல்ல. "கொரல எறக்குங்க. அந்தப் படத்த நகத்தினது யாரு? எம்பொண்ணு தொடவே இல்ல. உங்க அண்ணி சாட்சி. மேல தூக்கினது, கீழ எறக்கினது, எல்லாம் உங்க வெரலு."

மாமா மெதுவா கையத் தூக்கி, அந்தக் கிரீஸ் பிடிச்ச ஆள்காட்டி வெரலப் பாத்தாரு.

"ஆமா"ன்னாரு. "என் வெரலுதான்."

நாக்கால சாவச் சொன்னாலே கூப்பிட்டதா அர்த்தம்பாங்க இந்த ஊர்ல. இவரு தன் கையாலயே தன்னத் தூக்கி, சாவுக்குப் போட்ட எடத்துல வெச்சிருக்காரு. அதுக்கப்புறம் அவரு கத்தவே இல்ல. வேற போஸ்டர் அடின்னு கூட கேக்கல. போயிட்டாரு. அவரு கத்தினப்ப வராத பயம், அவரு பேசாம போனப்பதான் போக்குவாவுக்கு வந்துச்சு.

சித்தி தன் செலவுலயே புதுசா அடிச்சு, பழச எல்லாம் கிழிக்கச் சொன்னாங்க. சுவர் சரியாயிருச்சு. ஆளு சரியாகல. மறுநாள் கஞ்சி அம்மா கடைக்கு வந்து சேதி சொன்னாங்க. "பட்டறையே தொறக்கலடி. காருக்கடியில படுத்தா ஜாக்கி வழுக்கும்கிறானாம். சோறும் எறங்கலயாம். சனிக்கிழம அண்ணன் சாவுக்கே வரமாட்டானாம். நான் அங்க போனா திரும்பி வர மாட்டேன், ரெண்டு பேரையும் சேத்தே பொதைப்பீங்கன்னு அழுதானாம்."

தம்பி முன்ன நிக்காம அமோவாவ யாரு வழியனுப்புறது? போக்குவா கண்ணாடியப் பாத்தா. அது பூ ஸ்டிக்கரோட சாதுவா நின்னுச்சு. சொன்னா டெக்கிமான். சொல்லலன்னா ஒரு மனுஷன் தன் வெரலுக்கே பயந்து பட்டினி கெடந்து செத்துப்போவாரு. அப்ப அவரு போஸ்டரையும் அவதான் அடிக்கணும். அந்த நெனப்பு வந்ததும் எந்திரிச்சுட்டா.

மாமா பட்டற வாசல்ல, பழைய கார் சீட்டு ஒண்ணுல உக்காந்திருந்தாரு.

"மாமா, அது உங்க வெரலு இல்ல. அந்த மிஷின் தானா தொடும்."

அவரு நிமிந்து பாத்தாரு. "தானாவா?"

"யாரும் தொடாமயே நகரும்."

நல்ல சேதின்னு நெனச்சுதான் சொன்னா. அவரு முகம் சாம்பலாயிருச்சு. "அப்ப அண்ணன்தான். தொணைக்கு வாடான்னு கூப்பிடுறான்."

"ஐயோ, அவரு இல்ல மாமா! அவரு உயிரோட இருந்து மார்க்கெட்ல சண்ட போட்டுக்கிட்டு இருந்தப்பவே அது நகரும். தூசி படிஞ்சா நகரும். எனக்குத் தெரியும். சித்தி ஊருக்கு பஸ் ஏத்திருவாங்கன்னு பயந்து நான்தான் யாருக்கும் சொல்லாம மறச்சேன்." அவளுக்கு அழுக பொத்துக்கிட்டு வந்துருச்சு.

மாமா சீட்ட விட்டு எந்திரிச்சாரு. "காட்டு"ன்னாரு.

அங்கதான் அவ மாட்டிக்கிட்டா. காட்டணும்னா சித்தி முன்னாடிதான் காட்டணும்.

காட்டினா. மூணு பேரும் ஸ்க்ரீன் முன்னாடி நின்னாங்க. ஒரு படம், நடுவுல. நகரவே இல்ல. அரிசி பொறுக்குற நேரம் நின்னாங்க. ம்ஹூம்.

"என்னடி ஒளறுற?"ன்னாங்க சித்தி. "எது தானா நகருது?"

"விடு சேர்வா. சின்னப் பொண்ணு, எனக்கு ஆறுதல் சொல்லப் பாக்குது"ன்னு மாமா திரும்பிட்டாரு.

காலையில அவ தொடச்சிருந்தா. நல்லா, ரெண்டு தடவ, பயத்துல. அது ஞாபகம் வந்ததும் ஓடிப்போய், இத்தன நாளா சாத்தி வெச்ச தெருக்கதவ ரெண்டு பக்கமும் தொறந்து விட்டா. லாரி ஒண்ணு போச்சு. செவந்த தூசி மூட்டையா உள்ள வந்து விழுந்துச்சு. சித்தி இருமிக்கிட்டே, "பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?"ன்னு கத்தினாங்க.

படம் அசைஞ்சுது.

"இயேசுவே!" சித்தி ஒரே தாவுல மாமா முதுகுக்குப் பின்னாடி போயிட்டாங்க. படம் மெதுவா எடது பக்கம் போய், ஓரத்துல நின்னு, திரும்பி வந்துச்சு. மாமா ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு குனிஞ்சாரு. மறுபடியும் போச்சு.

"கை பின்னாடி இருக்கு! பாத்துக்கோங்க, ரெண்டு கையும் பின்னாடி இருக்கு!" அவரு கத்தின கத்துல ரோட்டுல போறவங்க நின்னாங்க. போக்குவா ஈரத் துணியால ஓரத்தத் தொடச்சா. படம் நின்னுருச்சு. மாமா தொப்புன்னு நாக்காலில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. "கார்புரேட்டர்ல தூசி அடைப்பு! வேற ஒண்ணுமே இல்ல, கார்புரேட்டர் அடைப்பு!"

சித்தி சிரிக்கல. மாமா முதுகுலேர்ந்து வெளிய வந்தாங்க. "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"தூசி ஆரம்பிச்சதுலேர்ந்து, சித்தி."

"இவருகிட்ட என் வாயாலயே, உங்க வெரலுதான்னு சொல்ல வெச்சியேடி. நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்த."

டெக்கிமான் பேச்ச எடுக்கப் போறாங்கன்னு போக்குவா தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

மாமாதான் தொண்டையக் கனைச்சாரு. "மிஷின் கதைய நீங்க பேசிக்கோங்க. என் ஆத்மா இன்னும் வெளியதான் நிக்குது. அத உள்ள கூப்பிடணும். எத்தோ மசியலும் முட்டையும் வேணும். யாரு பயங்காட்டினாங்களோ அவங்கதான் கிண்டணும். இந்தப் பொண்ண எங்கயாச்சும் பஸ் ஏத்திட்டா, சேர்வா, நீதான் கிண்டணும். நீ கிண்டுறது எனக்குத் தெரியும், உன் கல்யாணத்துலயே தின்னிருக்கேன். அதுக்கு நான் செத்தே போயிடலாம்."

சித்தி மூஞ்சி ஒரு பக்கமா கோணுச்சு. சிரிப்ப அடக்குறாங்களா, கோவத்தையான்னு போக்குவாவுக்குத் தெரியல.

சனிக்கிழம விடியக்காலையில கெழங்க அவிச்சு, மசிச்சு, பாமாயில் விட்டு அவதான் கிண்டினா. மேல முழு முட்டைய அடுக்கினா. ஒண்ணு உருண்டு ஓடுச்சு, பிடிச்சு வெச்சா. மாமா வெள்ளத் துணி போத்திக்கிட்டு உக்காந்து, துளி மிச்சம் வெக்காம தின்னாரு. ஏப்பம் விட்டாரு. அப்புறம் வெள்ளைய அவுத்துட்டு, துக்கத்துக்கான செவப்பும் கருப்பும் போத்திக்கிட்டு, அண்ணன அனுப்ப எல்லாருக்கும் முன்னாடி நடந்தாரு. கெளம்பும்போது அந்தக் கிழிஞ்ச போஸ்டர அவகிட்ட நீட்டினாரு.

"பத்திரமா வெச்சுக்கோ. மூஞ்சி நல்லா விழுந்திருக்கு. நெசமாவே தேவப்படுறப்ப இதையே போடு. ஆனா அவசரப்படாத."

திங்கக்கிழம அவ பயந்துக்கிட்டேதான் கடையத் தொறந்தா. சித்தி முன்னாடியே வந்திருந்தாங்க. ஸ்க்ரீன் பக்கத்துல புது மௌஸ் ஒண்ணு இருந்துச்சு. சுவத்துல ஒரு ஆணி, ஆணியில ஈரத் துணி, இன்னும் சொட்டிக்கிட்டு.

"நான் தொடச்சிட்டேன்"ன்னாங்க சித்தி, அவ பக்கம் திரும்பாமலே. "மத்தியானம் உன் மொற."