அலுமினியப் படகுக்கு ஒரு விரிப்பு

ரேமண்டின் வலது உள்ளங்கையில் காய்ந்திருந்த மஞ்சள் பசையை அந்தோணியம்மாள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் இருந்தது மட்டும் போகவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து சேர்ந்த மகள் அஞ்சலின், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"விடும்மா. அப்பா கைதான."

"பெட்டியில வச்சா எல்லாரும் கையைத்தான் பாப்பாவ" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தேய்த்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகுக்குள் மண்டியிட்டுப் பசை தடவிக்கொண்டிருந்தவர், காலை பத்தரை மணிக்கு முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். மோர் கொண்டுபோன அந்தோணியம்மாள், குனிந்து ஏதோ அளவு பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆத்தூரிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். மோர்ச் செம்பை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு இன்னும் நினைவு வரவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ரேமண்ட். உடைக்க வந்த கப்பலிலிருந்து கழித்த அந்தப் பதினாலடி அலுமினியப் படகை லாரியில் ஏற்றி புன்னைக்காயலுக்குக் கொண்டுவந்தார். ஆறு கடலில் சேரும் இடத்தில் தூண்டில் போடுவதற்கு அது போதும். ஆனால் உள்ளே ஒரு எட்டு வைத்தால் அண்டாவைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது. வெயில் ஏறினால் தோசைக்கல்.

ஒரு வாரமாக அதற்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையை வெட்டி வளைவுகளுக்கு அளவெடுத்து, அதன்படி பிளைவுட்டை அறுத்து, இரண்டு கை வார்னிஷ் அடித்தார். இரும்பு ஆணி அலுமினியத்தை அரித்துவிடும் என்று துருப்பிடிக்காத திருகாணிக்காகத் தூத்துக்குடி வரை போய்வந்தார். தளத்தின் மேல் பச்சை நைலான் விரிப்பு. பின்பாதி ஒட்டியாகிவிட்டது. முன்பாதி பாக்கி.

அன்று காலையில் அவள் கேட்டாள். "வீட்டுத் தரை வெடிச்சுக் கெடக்கு. படகுக்குக் கார்ப்பெட் கேக்குதோ?"

"சத்தத்துக்கு மீன் ஓடிருதுட்டி."

"நீங்க இருமுத இருமலுக்கே ஓடிரும்."

அவர் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. வந்தவர்கள் எல்லாம் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

பிணம் கிடக்கும் வீட்டுக்குள் அவள் ரப்பர் செருப்போடு நடப்பதை இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயால் அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. போன கோடையில் சுடுமணலில் நடந்து உள்ளங்கால் வெந்ததே தெரியாமல் போய், புண்ணுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் செருப்பைக் கழற்றுவதில்லை.

நாலு மணிக்கு வாசலில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து நின்றது. காயல்பட்டினத்தில் விரிப்புக் கடை வைத்திருக்கும் நூர்முகம்மது. பின்னால் ஒரு சின்னச் சுருள் கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து வண்டியை அணைத்தார். பிறகு சுருளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நேத்துதான் கடைக்கு வந்தாரு. இன்னைக்குள்ள வேணும்னாரு. அதான் நானே கொண்டாந்தேன்" என்று ரேமண்டின் தம்பி கஸ்பாரிடம் மெதுவாகச் சொன்னார்.

"என்னது?" என்றாள் அந்தோணியம்மாள்.

"முன்பலகைக்கும் அதுக்குக் கீழ கால் வைக்கிற எடத்துக்கும் தனியா ஒரு துண்டு அக்கா. அடியில பஞ்சு வச்சது. வீட்டுக்காரிக்குச் சுட்டாலும் கிழிச்சாலும் தெரியாது, வெறுந்தகரத்துல ஏத்த முடியாதுன்னாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு உங்கள முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போவணும்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருல்லா?"

அவர் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவள் கேட்டிருந்தாள். பொம்பளை படகில் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்றார். முப்பத்திநாலு வருஷம். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்றும் நினைத்ததில்லை.



"அஞ்சலின், அண்ணாச்சிக்கு ஒரு காப்பி போடு" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை பூசை வைத்து அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை கஸ்பார் வந்து கொல்லையில் நின்றான்.

"மதினி, படகை யாருக்காவது குடுத்திரட்டுமா? கண்ணு முன்னால கெடந்தா உங்களுக்கும் கஷ்டம்."

"பாதியில கெடக்குத சாமானை யாரு வாங்குவா? முதல்ல ஒட்டி முடி தம்பி."

"எனக்கு அது தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

ஒரு வாரம் அடுப்படி வாசலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படகோரம் நின்று சொன்னாள். "ரெண்டு பக்கமும் தடவணும். தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, அதுவரைக்கும் பொறு. பொறவு நடுவுலருந்து ஓரத்துக்குப் பைய தள்ளு. உள்ள காத்து நிக்கக் கூடாது."

முன்பாதிப் பலகையில் புதன்கிழமைப் பசை காய்ந்து கிடந்தது. அதில் ஒரு கை ஊன்றிய தடம், ஐந்து விரலோடு. கத்தியை எடுத்த கஸ்பார் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சுரண்டாண்டாம்" என்றாள். "மேலயே தடவு."

அவன் தடவினான். இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து இறக்கினார்கள். அவள் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. கஸ்பார் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து அவள் நேராகக் கொல்லைக்குப் போவதைப் பார்த்து அஞ்சலின் பின்னாலேயே வந்தாள்.

"எட்டு நாள்கூட ஆவலம்மா. இப்பவா?"

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நீ உலை வச்சிரு."

கஸ்பார் படகை ஆற்றில் இறக்கி, அவள் கையைப் பிடித்து ஏற்றினான். நூர்முகம்மது கொண்டுவந்த பஞ்சுத் துண்டு ஒட்டிய முன்பலகையில் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. துடுப்புப் போடப் போட, முகத்துவாரத்தில் ஆற்றின் செம்மண் நிறம் முடிந்து கடலின் நீலம் தொடங்கும் கோடு தெரிந்தது.

"அங்கன பாருங்க மதினி, அதுதான் பொழி."

அவள் தலையாட்டினாள். ஆனால் உடம்பைத் திருப்பிக் கரையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டின் பின்பக்கத்தைத் தண்ணீரிலிருந்து அவள் பார்த்ததில்லை. அடுப்படிக் கூரையிலிருந்து புகை நேராக எழுந்தது. கொல்லையில் அஞ்சலின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்றை உதறி, கொடியில் விரித்து, சுருக்கம் போக இரண்டு முனையையும் இழுத்துவிட்டாள்.