வெந்நீர் ஊற்றுக்குப் போன வெள்ளிக்கால்

சகாயம்மாள் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா உள்ளே வந்தாள்.

"இன்னாக்கா, பொட்டியெல்லாம் எறங்கிக்கீது? எங்க பயணம்?"

சகாயம்மாள் பெட்டியின் தூசியை இன்னொரு முறை தட்டினாள். கணவர் கிறிஸ்துதாஸ் இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வருடப் பூசை முடிகிறவரை கல்யாணம் காட்சி என்று எதற்கும் போகாமல் இருப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அப்படியிருக்க, மணாலிக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அதில் குளித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வரப் போகிறேன் என்று நூம்பல் மாதிரி ஒரு ஊரில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது?

"வேளாங்கண்ணிக்கு" என்றது அவள் வாய்.

"மாதாவே!" கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கட்டிலில் விலைச்சீட்டோடு கிடந்த கம்பளிச் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். "அங்க இவ்ளோ குளுருமா? நான் போனப்ப வேர்த்து ஊத்திச்சே."

"ஏசி பஸ்ஸு, கன்னியம்மா."

"ஏசி பஸ்ஸுக்கே இத்தப் போட்டா, மழ வந்தா இன்னாத்தப் போடுவ?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பயணம் மகள் ஹெலினாவின் ஏற்பாடு. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஃபிளாட்டில் இருக்கிறாள், ஐடி வேலை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை இரண்டு வருடம் தூக்கி, உட்காரவைத்து, துடைத்து, அம்மாவின் வலது தோள் கழன்றுபோனதை அவள் பார்த்திருக்கிறாள். "தைலம், மாத்திரை எல்லாம் பார்த்தாச்சும்மா. நாலு நாள் அந்தத் தண்ணியில கெடந்து பாரு. டிக்கெட் போட்டுட்டேன், கேன்சல் பண்ண முடியாது" என்று முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே கன்னியம்மா திரும்ப வந்தாள். கையில் மஞ்சள் துணி. அதற்குள் மாதாவுக்குக் காணிக்கையாகச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளிக்கால்.

அவள் மகன் சம்பத் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். வேலப்பன்சாவடி தாண்டி மழைப் பள்ளத்தில் வண்டி சாய்ந்து கால் முறிந்தது. உள்ளே தகடு வைத்தும் எலும்பு கூடவில்லை. மறுபடி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

"நீ உன் கையால மாதா காலாண்ட வெச்சிட்டு எனக்கு ஒரு போன் அடி. அதுவரிக்கும் நைட்டு சோறு துன்றதில்லன்னு வேண்டிக்கினுகீறேன்."

"எதுக்கு கன்னியம்மா இதெல்லாம்? சாப்பிடு நீ."

"வேண்டிக்கினத மாத்த முடியுமா? நீ சீக்கிரம் போய்ச் சேருக்கா, அது போதும்."

வெள்ளிக்காலை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். அலமாரியில் வைத்தாள், எடுத்தாள், மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அந்தப் படத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடி எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது சகாயம்மாளுக்குக் காது சுட்டது.

மலைக் கிராமத்து விடுதியில் ஊற்றுத் தண்ணீரைக் கல் தொட்டிகளில் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கல் வாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. அவித்த முட்டையைப் போல ஒரு வாசனை. எதிரே மலையில் பனி, முகத்தில் குளிர், கழுத்துவரை சூடு. முதலில் கால் பின்வாங்கியது. ஹெலினா கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

இரண்டு வருடமாக வெந்நீர் என்றால் அவளுக்கு வேறு பொருள். விடிவதற்குள் எழுந்து ஹீட்டர் போட வேண்டும், முழங்கையை விட்டுப் பதம் பார்க்க வேண்டும், அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு செம்பு செம்பாக ஊற்ற வேண்டும். கொஞ்சம் ஆறியிருந்தாலும் பேச்சு வராத அந்த முகம் கோணும். இங்கே யாருக்காகவும் பதம் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீர் அவளைத் தாங்கியது. தோளுக்குள் இறுகிக் கிடந்தது ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது.

நாளைக் காலையில் எழுந்து யாரையும் தூக்க வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதுமே உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்றும் இதே நினைப்பு ஒரு கணம் வந்தது. அன்று பதறி அதை விரட்டிவிட்டாள். இப்போது விரட்ட மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. ஹெலினா கை துடைத்து எடுத்துக் கொடுத்தாள்.

"யக்கா, வெச்சிட்டியா?"

சகாயம்மாள் வாயைத் திறந்தாள். இல்லை என்றால் இன்றைக்கும் இவள் பட்டினி. ஆமாம் என்றால்?

"வச்சிட்டேன்."

"அப்பாடா! இன்னாது, சலசலன்னு சத்தம்?"

"கடல்."

"இரு இரு, போன அப்டியே புடி." அந்தப் பக்கம் ஏதோ உருண்டது, யாரோ முனகினார்கள். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஹெலினா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீரைப் பார்த்தாள்.

திரும்பி வந்ததும் உண்மையாகவே வேளாங்கண்ணி போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். இந்த வாரம் என்றாள், அடுத்த வாரம் என்றாள், தனக்குத் தானே. புனித எண்ணெய் எங்கே என்று கன்னியம்மா கேட்டபோது, கிறிஸ்துதாஸின் தலைமாட்டில் இருந்த பழைய பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அது வேளாங்கண்ணி எண்ணெய்தான், அந்த மட்டில் பொய் இல்லை என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டாள். தோள் வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது. அதைக்கூட யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆள் எதிரே வந்தால் பழக்கத்தில் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பத்துக்கு எக்ஸ்ரே எடுத்த அன்று பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய கன்னியம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேரே சகாயம்மாள் வீட்டுக் கூடத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கூடலியாம்க்கா. மறுபடி கத்தி வெக்கணுமாம்."

சகாயம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் திருவேற்காட்டு ஆத்தாள கும்புடறவ. வேற சாமிய கும்புடறவ குடுத்தான்னு மாதா தள்ளிட்டாங்களா? இல்ல, என்ன உட்டுட்டு அங்க போனியாடின்னு ஆத்தா கோச்சிக்கினாளா? ரெண்டு பேருக்கும் நடுவுல என் புள்ள கால நானே கெடுத்துக்கினேனா?"

"அப்படியெல்லாம் இல்ல, கன்னியம்மா."

"பின்ன இன்னா? நீ உன் கையால வெச்சும் கேக்கலன்னா, எங்கிட்டதான் குத்தம் கீது. நான் இன்னா பாவம் பண்ணேனோ."

தலையில் அடித்துக்கொள்ளப் போன அந்தக் கையைச் சகாயம்மாள் பிடித்தாள். பிடித்தபடியே சொன்னாள். வேளாங்கண்ணிக்குப் போகவே இல்லை என்றாள். மலை, வெந்நீர் ஊற்று, விடுதி, எல்லாம் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் கைப்பையிலிருந்த மஞ்சள் துணியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

கன்னியம்மா துணியைப் பிரித்துப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை.

"அப்ப, மாதா தள்ளல?"

"தள்ளல. அவங்ககிட்ட போய்ச் சேரவே இல்ல."

கன்னியம்மா நீளமாக மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு கடலுன்னியே, அது?"

"தொட்டியில தண்ணி விழுற சத்தம்."

"போன எடுத்தாந்து சம்பத்து காதாண்ட வெச்சி, மாதா கோயில் கடலு சத்தம் கேளுடான்னேன். கண்ண மூடிக்கினு கேட்டான். அழுதான்க்கா."

சகாயம்மாள் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.  "நாளைக்கே போகலாம். நானும் வரேன், உன்கூட..."

"வாணாம். என் புள்ள கால நானே தூக்கினு போறேன்."

எழுந்து போனவள் வாசல் கேட்டில் கை வைத்தபடி நின்றாள்.

"எங்கிட்ட சொல்லிருந்தா நான் இன்னா உன்னத் துன்னுடுவனா?"

"அவர் போயி வருசம் ஆகல. நாலு பேர் என்ன சொல்லுவாங்க..."

"நாலு பேர உடு. நல்லாருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டே இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். கன்னியம்மா நம்பியிருப்பாள்.

"நல்லாருந்துச்சு" என்றாள் சகாயம்மாள். "அவர் இல்லையேன்னு தோணாம, நல்லாருந்துச்சு."

கன்னியம்மா அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். கேட்டைச் சாத்திக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சம்பத்தின் குரல் கேட்டது. "இன்னாம்மா, எங்க போயிக்கினு வர?"

"ஒண்ணுமில்லடா. மாதாவுக்கு இன்னும் விசயமே போய்ச் சேரலியாம். நாமளே போயி நேர்ல சொல்லிக்கலாம்."

"ஏன், நம்ம சகாயக்கா..."

சகாயம்மாள் சுவரோரமாக நின்று காத்திருந்தாள். அடுத்து தன் பெயர் கன்னியம்மா வாயில் வரும், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று நின்றாள். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது.