ஏலத்தன்று பிறந்த கன்று

எங்கள் பண்ணையின் காளை ஏலத்துக்கு வரும் லாரிகளுக்காக வாசல் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு, காபி போட அடுப்படிக்குப் போனேன். என் கணவர் வெர்னன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஹேசல், அடுப்பை அணைச்சிட்டு வா. கொட்டகையில ஒண்ணு பொறந்திருக்கு."

"ஒண்ணுன்னா?"

"அந்த மாதிரி ஒண்ணு. வா சீக்கிரம்."

எங்கள் நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் மாடு வளர்ப்பவர் யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். ஓடினேன். வைக்கோலில் கிடந்தது. சிவப்பு உடம்பு, வெள்ளை முகம், எங்கள் ஹெரஃபோர்டு இன மாடுகளின் அதே அச்சு. கால்கள் மட்டும் என் முழங்கை நீளம்கூட இல்லை. நெற்றி புடைத்து, கீழ்த்தாடை முன்னால் துருத்தி, வயிறு உப்பியிருந்தது. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் குறட்டை. தூங்குகிற கிழவன் விடும் குறட்டை, கண்ணை விரித்து என்னையே பார்க்கும் கன்றிடமிருந்து. பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

அதன் அப்பன் ரீஜன்ட், எங்கள் பெரிய காளை. தாய் அதே ரீஜன்ட்டின் மகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்த அந்த வருஷங்களில், குட்டைக் காலும் அகன்ற முதுகுமாகத் தரையோடு ஒட்டி நிற்கும் காளைக்குத்தான் மாட்டுக் கண்காட்சி நடுவர்கள் முதல் பரிசான ஊதா ரிப்பன் குத்தினார்கள். குட்டை என்றால் அழகு, இன்னும் குட்டை என்றால் இன்னும் அழகு. அந்த ரத்தம் வெளியே போய்விடக் கூடாதென்று அப்பனை மகளோடும், அண்ணனைத் தங்கையோடும் சேர்த்துவிட்டோம். குட்டையாக வேண்டும் என்று கேட்டோம். கிடைத்துவிட்டது.

மற்றவர் பண்ணைகளில் இப்படிப் பிறந்தால் என்ன செய்வார்கள் என்று அரசல் புரசலாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். குன்றுக்குப் பின்னால் கொண்டுபோய் முடித்துவிட்டு, "செத்துப் பொறந்துச்சு" என்று சொல்லிவிடுவார்களாம். ஆனால் எங்கள் வாசலிலோ முதல் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்தால் ஊரே எட்டிப் பார்க்கும்.

"எல்லாரும் போனப்பறம் பாத்துக்கலாம்," என்றார் வெர்னன். "அதுவரைக்கும் எவனும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"க்ளைட் வர்றானேங்க."

"வரட்டும்."

"அவன் ட்யூக்கை எடுக்கத்தானே வர்றான்?"

க்ளைட் என் தம்பி. புதிதாகக் கல்யாணமானவன். கல்யாணச் சீராக நாங்கள் கொடுத்த கிடாரிகள்தான் அவனுடைய மொத்த மந்தை, அத்தனையும் ரீஜன்ட்டின் மகள்கள். ட்யூக் ரீஜன்ட்டின் மகன். அன்றைய ஏலத்துக்கு அதுதான் மாப்பிள்ளை.

"ட்யூக்குக்கும் இந்த ரத்தம் இருந்து, அந்தக் கிடாரிங்களோட சேர்ந்தா, க்ளைட் கொட்டகையில இதுங்கதான் கெடக்கும். அவன் எந்திரிக்கவே முடியாதுங்க."

"ட்யூக்குக்கு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கொட்டகைக் கதவைக் கயிற்றால் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "வாயைத் தெறந்தேன்னா நாளைக்கு நம்ம மாட்டையெல்லாம் கசாப்புக்குத்தான் ஓட்டணும், ஹேசல். ஒருத்தனும் சீண்டமாட்டான்," என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

பிறகு டிராக்டரைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரை ஒட்டி நிறுத்தி, குறட்டை வெளியே கேட்காதபடி இன்ஜினை ஓடவிட்டார். யாராவது கேட்டால் பேட்டரி செத்துவிட்டது, அணைத்தால் கிளம்பாது என்று சொல்ல வேண்டுமாம்.

முதலில் கேட்டவர் பக்கத்துப் பண்ணை ஆர்வில். "என்னம்மா ஹேசல், டிராக்டரையும் ஏலத்துல விடப்போறீங்களா? காது கிழியுது."

"பேட்டரி போச்சு, ஆர்வில். நீங்க நான் சுட்ட ஆப்பிள் பை எடுத்துக்குங்க."

அவர் கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேட்டரியா... ம்ம்," என்று தட்டோடு நகர்ந்துவிட்டார்.

க்ளைட் வந்ததும் நேராக ட்யூக்கைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். "அக்கா! வயித்தைத் தரையில தேய்ச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு! இவ்வளவு குட்டையா நம்ம பக்கத்துலயே ஒண்ணு கெடையாது."

"குட்டைதான் வேணுமாடா? நெட்டையா ஒண்ணு பாரேன்."

"நீ வேற. நெட்டைக் காளையோட போய் நின்னா என் பொண்டாட்டி என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவா." சிரித்தான். "மாமா ஏன் பேயறைஞ்ச மாதிரி சுத்துறாரு?"

"ஏல நாள்ல அவரு எப்பவும் அப்படித்தான்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. தம்பிக்கு ஆப்பிள் பை நறுக்கிக் கொடுத்தேன், பெரிய துண்டாக.

ட்யூக்கை ஏல வளையத்துக்குள் இழுத்து வந்தார்கள். ஏலக்காரர் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார். க்ளைட் கையைத் தூக்கினான். எதிரே ஒருவர் தூக்கினார். மறுபடி க்ளைட். அவன் கை மேலே போகும்போதெல்லாம், இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேனே தவிர, வாய் திறக்கவில்லை.

டிராக்டர் இருமியது. இன்னொரு தரம் இருமி, நின்றுவிட்டது. எதையும் மறக்காத வெர்னன், டாங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க மறந்திருந்தார். ஏலக்காரர் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டை கேட்டது. இழுத்து, அடைத்து, மறுபடி இழுத்து.

ஒரு தலையும் திரும்பவில்லை. ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஆர்வில் காலிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். மாட்டோடேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரில் ஒருத்தர்கூட அது என்ன என்று கேட்கவில்லை. ஏலக்காரர் முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தார்.

தூக்கிய கையோடு க்ளைட் மட்டும் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்ன சத்தம் அது? எந்த மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல?"

வளையத்தின் அந்தப் பக்கம் வெர்னன் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"கையை எறக்குடா," என்றேன். என் குரல் எல்லோருக்கும் கேட்டது. "குள்ளக் கன்னு. இன்னிக்குக் காலையில பொறந்துச்சு. அப்பன் ரீஜன்ட். இந்த ட்யூக்குக்கும் அதான் அப்பன், உன் கிடாரிங்களுக்கும் அதான் அப்பன்."

ஏலக்காரர் நிறுத்திவிட்டார். க்ளைட்டின் கை மெல்ல இறங்கியது. "மாமா?" என்றான்.

வெர்னன் தொப்பியைக் கழற்றினார். கொட்டகைக்கு நடந்தார். முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கயிற்றைக் கத்தியால் அறுத்து, கதவை அகலத் திறந்துவிட்டார்.

"வாங்க. எல்லாரும் வந்து பாத்துக்குங்க."

க்ளைட் மட்டும் உள்ளே போனான். மற்ற யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவர்களெல்லாம் தங்கள் கொட்டகைகளில் ஏற்கெனவே பார்த்தவர்கள்.